டிராலி ஜாக்கிக்கு ரப்பர் பேட் அவசியமா? காரை எந்த இடத்தில், எப்படித் தூக்க வேண்டும்?

உங்களிடம் மாருதி ஸ்விஃப்ட் இருக்கிறது. டயர்களை இடம் மாற்றவும் பிரேக்கை அவ்வப்போது பார்க்கவும் வீட்டிலேயே வைத்துக்கொள்ள இரண்டு டன் டிராலி ஜாக்கி ஒன்றை, அதாவது சிறு இரும்புச் சக்கரங்களில் உருளும், கைப்பிடியை அடித்துத் தூக்கும் ஜாக்கியை, வாங்கியிருக்கிறீர்கள். நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் பேட் ஒன்றையும் சேர்த்து வாங்கும்படி கடைக்காரர் சொல்கிறார். அது வியாபாரப் பேச்சா, உண்மையிலேயே தேவையா, தேவையென்றால் காரின் எந்த இடத்தில் எப்படி வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தேவைதான். ஆனால் பேட் இருக்கிறது என்ற தைரியத்தில் மற்றவற்றைக் கவனிக்காமல் விடுகிறவர்களின் கார்களில்தான் அடிவிளிம்பு அதிகமாக மடங்கிக் கிடப்பதைப் பார்க்கிறேன். ஆகவே அந்தச் சிறிய ரப்பர் துண்டு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதியை டிங்கரிங் பட்டறைகளில் ரன்னிங் போர்டு என்பார்கள். அதன் உள்தகடும் வெளித்தகடும் அடியில் ஒன்றாகச் சேர்ந்து, ஸ்பாட் வெல்டிங் செய்யப்பட்டு, கீழ்நோக்கி ஒரு விளிம்பாகத் துருத்தி நிற்கும். பிஞ்ச் வெல்டு என்பது இதுதான். இந்த விளிம்பு முழு நீளத்துக்கும் ஒரே பலம் கொண்டதல்ல. முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும், பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு இடங்களில் மட்டுமே காரைத் தூக்குவதற்கான பலம் அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. குனிந்து விரலால் தடவிப் பார்த்தால் அந்த இடங்களில் விளிம்பில் இரண்டு சிறிய வெட்டுகள் தட்டுப்படும். ஜாக்கி அந்த இரண்டு வெட்டுகளுக்கும் நடுவில்தான் உட்கார வேண்டும். ஒரு சாண் தள்ளி வைத்தாலும் வெறும் தகட்டில்தான் எடை விழும். சேறும் அண்டர்கோட்டிங்கும் (துருப் பிடிக்காமல் அடிப்பகுதியில் பூசும் கோட்டிங்) மூடியிருந்தால் வெட்டுகள் கண்ணுக்குத் தெரியாது என்பதால், முதல் முறை பகல் வெளிச்சத்தில் துணியால் துடைத்து, காருடன் வந்த கையேட்டில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது எடைக்கு வருவோம். ஸ்விஃப்ட் ஏறத்தாழ 900 கிலோ எடையுள்ள கார்; எஞ்சினும் கியர் பாக்ஸும் முன்னால் இருப்பதால் அதில் பாதிக்கும் மேல், சுமார் 60 சதவீதம், முன் சக்கரங்கள் மேல் இருக்கிறது. ஆக ஒரு முன் சக்கரத்தின் பங்கு 270 கிலோ அளவில் வரும். ஜாக்கி வைக்கும் இடம் சக்கரத்துக்கு நேர் கீழே இல்லாமல் காரின் நடுப்பகுதியை நோக்கித் தள்ளி இருப்பதாலும், ஒரு மூலையைத் தூக்கும்போது காரின் உடல் லேசாக முறுக்கிக்கொள்வதாலும், ஜாக்கியின் தலையில் விழுவது 350 கிலோவுக்குக் குறையாது. உருக்குத் தகட்டை நசுக்கிவிடும் அளவுக்கு இது பெரிய எடையல்ல. ஆனால் இரண்டு மூன்று தகடுகள் சேர்ந்தும் சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஒரு விளிம்பு, எடை நேராக இறங்கும் வரைதான் தாங்கும். சற்றே சாய்வாக இறங்கினால் பக்கவாட்டில் மடங்கிவிடும். டிராலி ஜாக்கியின் தலையில் இருக்கும் இரும்புக் கிண்ணமோ இந்த விளிம்புக்காக வடிவமைக்கப்பட்டதே அல்ல. அதன் ஓரங்களில் பற்கள் போன்ற மேடுகள் இருக்கும். விளிம்பு அவற்றில் ஏதாவது ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்தால், மொத்த எடையும் நகக்கண் அளவு இடத்தில் விழுந்து, பெயிண்டும் சீலரும் உரிந்து, தகடு வளையத் தொடங்கும்.

பேட்டின் வேலை இங்கேதான் வருகிறது. விளிம்பு பள்ளத்துக்குள் நேராக நிற்கிறது, இரும்போடு இரும்பு உரசுவதில்லை, எடை சிறிது பரவலாகப் போய்ச் சேருகிறது. பள்ளம் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. விளிம்பின் நுனி பள்ளத்தின் அடியைத் தொடவே கூடாது, எடை முழுவதும் இருபுறமும் உள்ள ரன்னிங் போர்டின் அடித்தகட்டில் இறங்க வேண்டும் என்பார்கள் சிலர். எல்லாக் கார்களிலும் அந்த அடித்தகடு அப்படித் தாங்கும் என்று சொல்ல முடியாது என்பதால் அதைப் பொது விதியாக நான் ஏற்பதில்லை. சரியான அளவு உங்கள் காரின் டிக்கியிலேயே, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கம்பெனி கொடுத்த கத்தரி ஜாக்கியின் தலையை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள பள்ளத்தின் அகலமும் ஆழமும் அந்த விளிம்புக்கென்றே தீர்மானிக்கப்பட்டவை. அதற்கு நெருக்கமான பள்ளம் உள்ள பேட்டைத் தேர்ந்தெடுங்கள். இதே காரணத்தால் கத்தரி ஜாக்கிக்குத் தனியாக ரப்பர் பேட் வைக்கத் தேவையில்லை. வைத்தால் ஜாக்கியின் தலை பொருந்தாமல் வழுக்குவதற்கே வாய்ப்பு அதிகம்.

வாங்கும்போது பேட்டின் விட்டத்தை ஜாக்கியின் கிண்ணத்தோடு பொருத்திப் பாருங்கள். கிண்ணத்துக்குள் முழுதாக உட்கார்ந்து ஆடாமல் நிற்க வேண்டும். ஓரத்தில் ஏறி நிற்கும் பேட் எடை விழுந்ததும் ஒரு பக்கம் சாயும். கட்டைவிரலால் அழுத்தினால் குழியும் அளவுக்கு மென்மையான ரப்பர் உதவாது. எடை ஏறும்போது பேட் லேசாகப் பிதுங்குவது இயல்பு; பள்ளத்தின் வாய் அகன்று பிளப்பது போலத் தெரிந்தால் உடனே இறக்கிவிட வேண்டும். ரப்பருக்குப் பதில் மரக்கட்டையில் பள்ளம் வெட்டிப் பயன்படுத்துபவர்களும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே பள்ளம் வெட்டினால், விளிம்பு ஆப்பு போல இறங்கிக் கட்டையை இரண்டாகப் பிளந்துவிடும். ரேகைக்குக் குறுக்காக வெட்ட வேண்டும். இன்னொன்று, பேட்டின் உயரமும் ஜாக்கியின் உயரத்தோடு சேரும். டயர் பஞ்சராகிக் கார் தாழ்ந்து நிற்கும்போது ஜாக்கியும் பேட்டும் சேர்ந்து அடியில் நுழையாமல் போகலாம் என்பதால், வாங்கிய அன்றே ஒருமுறை நுழைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

பலரும் கவனிக்காத விஷயம் இனிமேல்தான் வருகிறது. டிராலி ஜாக்கியின் கை நேராக மேலே எழுவதில்லை. அதன் கீல் கைப்பிடி இருக்கும் பின்பக்கத்தில் இருப்பதால், கை உயர உயரக் கிண்ணம் ஒரு வட்டத்தின் வில்லைப் போல மேலேறிக்கொண்டே கைப்பிடியை நோக்கி, அதாவது காருக்கு வெளிப்பக்கமாக, நகரும். காரோ எதிர்ப்பக்கத்துச் சக்கரங்களை ஊன்றிக்கொண்டு சாய்வதால், தூக்கப்படும் விளிம்பு மிகச் சிறிதளவு எதிர்த்திசையில், உட்புறமாக நகரும். இந்த இரண்டு நகர்வுகளையும் ஈடுகட்டுவது ஜாக்கியின் இரும்புச் சக்கரங்கள்தான். கைப்பிடியை அடிக்க அடிக்க ஜாக்கி தானாகவே உருண்டு காருக்கு அடியில் சிறிது உள்ளே போக வேண்டும். அது உருள முடியாமல் ஒரு சிறு கல்லிலோ, தரையின் வெடிப்பிலோ, மணலிலோ மாட்டிக்கொண்டால், கிண்ணம் விளிம்பை வெளிப்பக்கமாக இழுக்கத் தொடங்கும். நீங்கள் பக்கவாட்டிலிருந்து ஜாக்கியைத் தள்ளியிருப்பதால் அந்த இழுவை விளிம்புக்குச் செங்குத்தாக, அது மிகவும் பலவீனமாக இருக்கும் திசையில் விழுகிறது. பள்ளம் உள்ள பேட் விளிம்பை இருபுறமும் பிடித்துக்கொண்டிருப்பதால், இந்த நிலைமையில் அது காப்பாற்றுவதற்குப் பதிலாக விளிம்பை வளைக்கும் கருவியாகவே மாறிவிடும். வெறும் கிண்ணமாக இருந்தால் வழுக்கியிருக்கும். அதுவும் ஆபத்துதான், வேறு வகையான ஆபத்து.

ஆகவே தரைதான் முதல் தேர்வு. சமமான, பெருக்கிச் சுத்தம் செய்த சிமென்ட் தரை சிறந்தது. இப்போது அடுக்குமாடிகளில் எல்லா இடத்திலும் போடுகிற இன்டர்லாக் கற்கள் பார்ப்பதற்குச் சமமாகத் தெரிந்தாலும், ஜாக்கியின் சிறிய இரும்புச் சக்கரங்கள் கற்களின் இடைவெளியில் இறங்கி நின்றுவிடும். மழைக்குப் பிறகு அடிமணல் இளகியிருந்தால் கல்லே ஒரு பக்கம் அமுங்கும். சித்திரை வெயிலில் இளகிய தார்ச்சாலையிலும் இதே கதைதான். அப்படிப்பட்ட இடத்தில் வேறு வழியில்லை என்றால் தடிமனான பிளைவுட் பலகை ஒன்றை விரிக்கலாம். ஆனால் ஜாக்கி முழுதாக ஏறி நின்று, அதன் மேலேயே முன்னும் பின்னும் உருளும் அளவுக்குப் பலகை பெரிதாக இருக்க வேண்டும். ஜாக்கியின் முன்சக்கரத்துக்கு மட்டும் ஒரு துண்டுப் பலகை கொடுப்பது உருளுவதைத் தடுப்பதற்கே உதவும். சரிவான தரையில், அது லேசான சரிவாக இருந்தாலும், இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

அடுத்து, கார் நகராமல் இருப்பது எதனால் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஸ்விஃப்டில் எஞ்சினின் இழுவை முன் சக்கரங்களுக்குப் போகிறது, ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கிறது. முதல் கியரில் போட்டு நிறுத்தினால் பிடிப்பது முன் சக்கரங்களை. ஆனால் ஒரு முன் சக்கரம் தரையை விட்டு எழும்பிய உடனேயே அந்தப் பிடிப்பு போய்விடுகிறது. இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பின் இயல்பால் தரையில் உள்ள சக்கரம் ஒரு திசையில் உருள, காற்றில் உள்ள சக்கரம் எதிர்த்திசையில் சுற்றிக்கொள்ளும். கியரில்தானே இருக்கிறது என்று நம்பி ஹேண்ட் பிரேக் போடாமல் முன்பக்கத்தைத் தூக்குவது இதனால்தான் ஆபத்து. மறுபுறம், பின் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கால் ஒரு பயனும் இல்லை. அப்போது கியர்தான் பிடிக்க வேண்டும். மாருதியின் ஏஜிஎஸ் வகையில், அதாவது கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வகையில், மற்ற ஆட்டோமேட்டிக் கார்களைப் போன்ற பார்க் நிலை கிடையாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இவ்வளவு கணக்குப் போடுவதைவிட, ஹேண்ட் பிரேக்கும் கியரும் இரண்டும் போட்டு, தூக்கும் சக்கரத்துக்கு மூலைவிட்டத்தில் எதிரே உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிடுவது எளிது. உருண்டையான கல் கட்டையாகாது. டயருக்கும் தரைக்கும் நடுவில் ஆப்பு போல இறுகுகிற வடிவம் வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றுவதாக இருந்தால், நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே கால் சுற்று இளக்கிவிட வேண்டும். தூக்கிய பிறகு வீல் ஸ்பானரில் ஏறி மிதிப்பது ஜாக்கியிலிருந்து காரைத் தள்ளிவிடும் நேர்வழி. காருக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஜாக்கியைக் காருக்கு நேர் செங்குத்தாகத் தள்ளி, பேட்டின் பள்ளம் காரின் நீளவாக்கில் இருக்கும்படி திருப்பி, விளிம்பு பள்ளத்துக்குள் நுழையும் வரை மெல்ல உயர்த்துங்கள். எடை ஏறத் தொடங்கும் அந்தக் கணத்தில் நிறுத்திவிட்டு, டார்ச் அடித்து, வெட்டுகளுக்கு நடுவில்தான் இருக்கிறதா, விளிம்பு பள்ளத்தின் நடுவில் நேராக நிற்கிறதா, பிளாஸ்டிக் ஓரப்பட்டையோ பிரேக் குழாயோ நடுவில் மாட்டவில்லையே என்று பாருங்கள். பிறகு இரண்டு மூன்று முறை அடித்துவிட்டு, ஜாக்கி உள்ளே உருள்கிறதா என்று கவனியுங்கள். உருளவில்லை என்றால் அடிப்பதை நிறுத்தி, இறக்கி, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் மறுபடியும் தூக்க வேண்டும். டயர் தரையை விட்டு இரண்டு மூன்று விரல் உயர்ந்தால் போதும். பஞ்சரான டயரைக் கழற்றிக் காற்றுள்ள டயரை மாட்டுவதற்கு மட்டும் இன்னும் கொஞ்சம் இடம் தேவைப்படும்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்கி நிற்பதற்கு அல்ல. உள்ளே இருக்கும் ஆயில் சீல் தேய்ந்தால் கார் சொல்லாமல் இறங்கும், இறக்குவதற்கான வால்வு லேசாகத் திறந்திருந்தாலும் இறங்கும். டயரை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால், கழற்றிய சக்கரத்தை ரன்னிங் போர்டுக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள்; கார் விழுந்தாலும் அதன் மேல் விழும். பிரேக் வேலை, அதைவிட முக்கியமாக அடியில் உடம்பை நுழைக்கும் எந்த வேலையும், தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டு இல்லாமல் கூடாது. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: விளிம்பின் பலமான இடத்தை ஜாக்கியே பிடித்துக்கொண்டால் ஸ்டாண்டை எங்கே வைப்பது? பட்டறை ஜாக்கிக்கென்று முன்பக்கத்தின் நடுவிலும் பின்பக்கத்திலும் தனி இடங்களைக் கையேடு காட்டியிருந்தால், அங்கே ஜாக்கியை வைத்துத் தூக்கி, இரண்டு பக்க விளிம்புகளிலும் ஸ்டாண்டு கொடுப்பதுதான் சரியான முறை. அப்போது பள்ளம் உள்ள பேட்டுகள் ஸ்டாண்டின் தலையில் இருக்க வேண்டும், ஜாக்கியில் தட்டையான பேட் போதும். கையேடு காட்டாத இடத்தில், குறிப்பாக எஞ்சின் ஆயில் தேங்கும் சம்ப், கியர் பாக்ஸ் கூடு, பெட்ரோல் டேங்க், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் ஆகியவற்றில், பேட் வைத்தாலும் தூக்கக் கூடாது. ஸ்டாண்டுகளிலும், உயரத்தைப் பற்களும் கொக்கியும் பிடிக்கும் வகையைவிட, துளையில் இரும்பு முள் செருகிப் பூட்டும் வகையை நான் விரும்புவேன். அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் 2020இல் தன் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றதற்குக் காரணமே, எடை இருக்கும்போது பல்லைப் பிடிக்கும் கொக்கி விடுபடக்கூடும் என்பதுதான். ஸ்டாண்டில் காரை இறக்கிய பிறகு, அடியில் போவதற்கு முன்பே, கையால் காரை நன்றாக அசைத்துப் பார்த்துவிடுங்கள்.

வேறு கார்களுக்கும் இதே பேட் ஆகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பொலேரோ, ஸ்கார்பியோ-என், இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் போன்றவை தனிச் சேசிஸ், அதாவது உடலுக்கு அடியில் தனியான இரும்புச் சட்டம், கொண்டவை. அவற்றில் கையேடு காட்டும் சேசிஸ் இடத்திலோ ஆக்சிலிலோ தூக்குவதால் பள்ளம் தேவையில்லை, வழுக்காமல் இருக்கத் தட்டை ரப்பர் போதும். பிஎம்டபிள்யூ கார்களில் ரன்னிங் போர்டின் அடியில் நடுவில் குழி உள்ள பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கும். அந்தக் குழிக்குள் நுழையும் மேடு கொண்ட பேட் வேறு. மின்சாரக் கார்களில்தான் தவறுக்கு விலை மிக அதிகம், ஏனென்றால் தரையின் பெரும்பகுதியில் இருப்பது பேட்டரிப் பெட்டி. 2025 ஜூலையில் இந்தியாவுக்கு வந்த டெஸ்லா மாடல் ஒய் காரில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு துளைகள் உண்டு. காம்பு உள்ள பேட்டை அந்தத் துளையில் செருகி, அதன் அடியில்தான் ஜாக்கியை வைக்கிறார்கள். சில அங்குலம் உள்ளே தள்ளி வைத்தால் எடை பேட்டரிப் பெட்டியில் விழும். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார்களில், தூக்குவதற்கு முன் ஜாக்கி நிலைக்கான அமைப்பைத் திரையில் தேர்ந்தெடுக்காவிட்டால், கார் தானாகவே உயரத்தைச் சரிசெய்ய முயன்று ஜாக்கியின் மேலேயே அசையும்.

நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும், வாட்டர் சர்வீஸிலும் டயர் கடையிலும் இந்த விளிம்பு மடங்கி வருவது உண்டு. லிஃப்டில் ஏற்றும்போது கைகளின் மேல் உள்ள ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உங்கள் பேட்டுகளையே கொடுத்து வைக்கச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். விளிம்பு ஏற்கெனவே மடங்கியிருந்தால் அதைப் பள்ளத்துக்குள் திணிக்காதீர்கள். சிறிய மடிப்பை இரண்டு தட்டைப் பலகைத் துண்டுகளுக்கு நடுவில் பிடித்து, குறடால் மெல்ல நிமிர்த்தலாம். வெல்டிங் விட்டிருந்தாலோ, துருவேறித் தகடு பொடிந்தாலோ அது பட்டறை வேலை, அதுவரை அந்த இடத்தில் தூக்கக் கூடாது. நிமிர்த்திய இடத்தில் துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயிண்ட் போட்டு, மேலே அண்டர்கோட்டிங் கொடுத்துவிடுங்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பெயிண்ட் உரிந்த விளிம்பு ஒரு மழைக்காலத்திலேயே செம்பழுப்பாகிவிடும். ரன்னிங் போர்டுக்குள் புகும் தண்ணீர் வடிவதற்கு அடியில் சிறு துளைகள் இருக்கும். கோட்டிங் அடிக்கும்போது அவற்றை அடைத்துவிட வேண்டாம்.

இறக்கும்போது வால்வை மிக மெதுவாகத் திறங்கள். ஒரே திருகில் திறந்தால் கார் சட்டென்று விழும். இறங்கும்போது ஜாக்கி வெளிப்பக்கமாக உருண்டு வரும் என்பதால் கால்களை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கியை இழுத்த பிறகு பேட் கிண்ணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்; வெயிலில் சூடான ரப்பர் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடுவதும், பிறகு சாலையில் எங்காவது விழுந்து தொலைவதும் வழக்கம். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கையால் இறுக்கியிருப்பீர்கள். கடைசி இறுக்கம் டயர் தரையில் ஊன்றிய பிறகுதான். அந்த அளவு காருக்குக் கார் மாறும்: டொயோட்டாவின் பல கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டர், வோக்ஸ்வாகனின் பல கார்களுக்கு 120. உங்கள் காருக்குரியது கையேட்டில் இருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லை என்றால் வண்டியில் வந்த ஸ்பானரைக் கையால் மட்டும் நன்றாக இறுக்குங்கள், குழாய் மாட்டி நீட்டவோ ஏறி மிதிக்கவோ வேண்டாம். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை மறுபடியும் இறுக்கிப் பாருங்கள்.